அறுநூறு கேடயம்

இரவு பதினொன்றுக்குத் தம்பி தன் முறையை முடித்து அனுப்புவான்,
உஷுவாயாவின் சுங்க அலுவலகத்திலிருந்து.
கோப்பைத் திறப்பேன். என் பேரரசு
நான் விட்ட இடத்திலேயே மூச்சைப் பிடித்து நிற்கும்.

நாற்பது நகரங்கள் எனக்கு.
முதல் எட்டும் தலைநகரைச் சுற்றி, மூன்று கட்ட இடைவெளியில்,
நெரிசல் பேருந்தில் போலத் தோள் உரசிக்கொண்டு.
ஒன்றின் வயலில் மற்றொன்று கை வைத்தாலும் பரவாயில்லை,
அகலக் கால் வைத்தால் தூரம் தின்றுவிடும் என்பான் எவாரிஸ்தோ.
நான் கேட்கவில்லை. நதிமுகம் கண்டால் எனக்குக் கை அரிக்கும்.
தெற்கே, மீனும் இரும்பும் சேர்ந்த ஒரு வளைவில்
குடியேறிகளை இறக்கி
எங்கள் ஊர்ப் பெயரையே வைத்தேன்:
வியெத்மா.

பன்னிரண்டு கேடயம் விளைகிற மண்.
பதினொன்று சிவப்பு.
சிவப்பு என்றால் போனது.
யார் வாங்கினார், எந்த வாசல் வழியாக, விளையாட்டு சொல்லாது.
முகம் கிடையாது, உறை கிடையாது, தொண்டைச் செருமல் கிடையாது.
தூரத்தைப் பெருக்கி, நகரத்தின் வரிசையெண்ணைக் கூட்டி
மிச்சம் ஒன்றை என் தட்டில் போடும்.

பகலில் நான் நிலப்பதிவு அலுவலகத்தில், மூன்றாம் சன்னல்.
அங்கே முகம் உண்டு.
சென்யோர் பன்யாஸ்கோ. என் முழங்கால் வலியை
மறக்காமல் விசாரிப்பவர்.
அல்ஃபஹோர் பெட்டியொன்றைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு,
ஆற்றோர மனையின் வேலி இரண்டு ஹெக்டேர்
வரைபடத்தில் மட்டும் நகர்ந்தால் போதும் என்கிறார்.
இனிப்புக்கு மீறிய கனம்.
முதல் இரண்டு பெட்டிகளைத் திருப்பி அனுப்பினேன்.
மேலிடத்துக்கும் எழுதினேன்.
தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் வடக்கே
யாரோ அதன்மேல் காப்பிக் கோப்பையை வைத்திருக்க வேண்டும்:
நாற்பது நாள் கழித்து என் கடிதமே திரும்பி வந்தது,
ஒரு பழுப்பு வட்டத்தோடு.
உரிய சன்னலை அணுகவும்.
உரிய சன்னல் என்னுடையது.

நான் பள்ளியில் படிக்கையில் இந்த ஊர்
தலைநகராகப் போகிறது என்றார்கள். சட்டம்கூட நிறைவேறியது.
அப்பா எங்கள் மனைக்கு இருமடங்கு விலை சொன்னார்.
வாங்க வந்தவர்கள் காற்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.
பிறகு யாரும் பேசவில்லை.

ஆகவே விளையாட்டிலாவது மாற்றிப் பார்க்க நினைத்தேன்.
அரண்மனைக்கு அறுநூறு கேடயம்.
முறைக்கு ஒன்று; அறுநூறு முறை.
ஆட்டமோ ஐந்நூற்று நாற்பதில் முடிந்துவிடும்.
நோய் தின்ற மிச்சத்தில்தான் மருந்து வாங்க வேண்டும்.
தாளில் எழுதிப் பார்த்துத் தனியாகச் சிரித்தேன்.
ஊழ் இல்லை இது, ஊழல்.
வகுத்தால் மீதி வருகிறது.

ஒரு வழி இருந்தது. காடு வெட்டினால் பத்து கேடயம்,
அதில் மட்டும் யாரும் கை வைப்பதில்லை, ஏனென்று தெரியாது.
நட்டேன், வெட்டினேன், அடுத்த கட்டத்தில் நட்டேன், வெட்டினேன்.
தென்கரை முழுக்க மொட்டை.
எங்களுக்கு ஒரு குளிர்காலம்,
அவர்களுக்கு முந்நூறு ஆண்டு.

நேற்று அரண்மனை எழுந்தது.
வியெத்மாவில் பதினொன்று நீலம். ஒன்றே ஒன்று சிவப்பு.
எழுந்து சமையலறை வரை நடந்துவிட்டு வந்தேன்.
பிறகு வரைபடத்தை வடக்கே இழுத்தேன்.
தோள் உரசி நின்ற அந்த எட்டு நகரங்களும்,
பேரரசின் முதல் ரொட்டி சுட்ட ஊர்கள்,
பன்னிரண்டுக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று.
ஒவ்வொன்றிலும் மூன்றாம் சன்னலில்
யாரோ ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்.

முறையை முடிக்கும் பொத்தானை இன்னும் அழுத்தவில்லை.
தூங்கிவிட்டாயா என்று கேட்டிருக்கிறான் எவாரிஸ்தோ.
இல்லை.
நாளை ஒன்பது மணிக்குப் பன்யாஸ்கோ வருகிறார்.
மூன்றாவது பெட்டி அலமாரிமேல், பிரிக்காமல்தான் இருக்கிறது.
எறும்புகள் மட்டும் வழி கண்டுபிடித்துவிட்டன,
வரிசையாக,
ஆளுக்கு ஒரு துணுக்கு.